குடியாத்தம் ரோட்டில் ஒரு டாக்டரம்மா



இந்த மாத மடலில் யாருடைய ஜீவியத்தை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சீனாவுக்குப் போனவர்கள், ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் என்று எத்தனையோ பேரைப் பற்றிப் படித்துவிட்டோம். ஆனால் நம்ம ஊரைத் தொட்டுப் போகிற இதே குடியாத்தம் ரோட்டில் வாரந்தோறும் போய் வந்த ஒரு அம்மாவை விட்டுவிட்டோம். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர்கள். அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பம் நம் சபையில் ஒன்றுகூட இருக்காது. பெரிய ஆஸ்பத்திரி கட்டின அம்மா என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக்கு வரமுடியாமல் கிடந்த ஜனங்களைத் தேடி அவர்களே ரோட்டுக்கு வந்தார்களே, அது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிலர் கேட்பீர்கள், அந்த அம்மா நம்மைப்போல அபிஷேகம் பெற்று அந்நிய பாஷை பேசினவர்களா என்று. இல்லை. அமெரிக்காவின் சீர்திருத்த சபையைச் சேர்ந்த மிஷனெரிக் குடும்பம். வியாதியஸ்தர்மேல் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுகிற ஊழியம் அல்ல அவர்களுடையது. ஜெபித்துவிட்டு, கத்தியையும் கையில் எடுக்கிற ஊழியம். நம் சபைகளில் மருந்து எடுப்பதைப் பற்றி எத்தனை வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாக்குவாதத்தை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். நானும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மையாரின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவில் நல்ல வருமானமுள்ள வைத்தியர். 1819ம் வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே வைத்திய ஊழியம் செய்து, பிற்பாடு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக ஆற்காடு சீமையிலே ஊழியம் செய்தார்கள். அந்தக் குடும்பத்தில், இன்று தனி மாவட்டத்தின் தலைநகராக இருக்கிற இராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9ம் தேதி ஐடா பிறந்தார்கள். தகப்பனாரும் டாக்டர்தான். பெயரும் ஜான் ஸ்கடர்தான்.

குழந்தைப் பிராயத்திலேயே 1877-78ம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தைக் கண்ணால் கண்டார்கள். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம்ம பாட்டி தாத்தாமார் சொல்வார்களே, அதுதான். பசியினால் கையைத் தூக்கவும் பெலனில்லாத பிள்ளைகளின் வாயிலே ரொட்டியைப் பிட்டு வைத்தது அந்தச் சிறுமியின் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதனால் ஊழியத்துக்கு அர்ப்பணித்தார்கள் என்று நினைக்காதீர்கள். நேர் எதிராக நடந்தது! இந்த வெயில், இந்தப் பசி, இந்த வியாதி எதுவும் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று தீர்மானம் பண்ணினார்கள். அமெரிக்காவுக்குப் போய், பிரசங்கியார் மூடி அவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டில் நடத்தின பெண்கள் பள்ளியில் படித்தார்கள். ஸ்கடர் வீட்டுப் பிள்ளையா, அப்படியானால் மிஷனெரியாகத்தான் போவாய் என்று தோழிகள் கேலி செய்வார்களாம். இந்தப் பெண்ணுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். படித்து முடித்து, கலியாணம் செய்துகொண்டு, அமெரிக்காவிலேயே சௌக்கியமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

1890ல் தாயார் சுகவீனமாயிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது தகப்பனார் திண்டிவனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். தாயாரைக் கவனித்துக்கொள்ளக் கொஞ்சகாலம் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஐடா வந்தார்கள். பெட்டியைக் கூட மனதுக்குள் முழுசாக அவிழ்க்காமல்தான் வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

திண்டிவனத்து பங்களாவில் ஒரு ராத்திரி. ஒரு பிராமண வாலிபன் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை, குழந்தை பிறக்கவில்லை, உயிர் போகிற நிலைமை, உடனே வரவேண்டும் என்று ஐடாவைக் கெஞ்சினார். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் கூடவே வருகிறேன் என்றார்கள். வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேற்று ஆண் தன் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதா? அது வழக்கத்தில் இல்லை. திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். மனசு மாறி வந்துவிட்டார் என்று ஐடா ஓடிப் பார்த்தால், வந்து நின்றவர் ஒரு முஸ்லிம் சகோதரர். அதே பிரசவம், அதே வேதனை, அதே மறுப்பு. மூன்றாவதும் ஒருவர் வந்தார், ஒரு முதலியார். அவரும் அப்படியே.

விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறைச் சத்தம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

பிரியமானவர்களே, இதை எத்தனையோ ஊழியக்காரர்கள் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அழைப்பைப் பற்றிப் பேசும்போது கண்ணீரோடு சொல்ல வசதியான கதை. ஆனால் ஒரு விஷயத்தை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. அந்த மூன்று பெண்களும் மருந்து இல்லாமல் சாகவில்லை. டாக்டர் இல்லாமலும் சாகவில்லை. அதே ஊரில், கூப்பிட்டால் எழுந்து வரக்கூடிய தூரத்தில், அனுபவமுள்ள டாக்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வைத்தியத்துக்கும் வியாதியஸ்தருக்கும் நடுவில் வேறொன்று நின்றது. அதுதான் கொன்றது.

இதைக் கவனிக்க எனக்கு ஒரு சொந்த அடி விழவேண்டியிருந்தது. பெயர் சொல்லவில்லை. பழைய விசுவாசிகளுக்குத் தெரியும். 2011ல் ஒரு ஞாயிறு இரவு ஆராதனை முடிந்து பத்து மணி சுமாருக்கு நம் சபையின் ஒரு தாயாருக்கு மார்பிலே வலி. வேர்த்துக் கொட்டுகிறது, இடதுகை மரத்துப்போகிறது. என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போய்க் கைவைத்து ஜெபித்தேன். வாயுவாயிருக்கும், சத்துருவின் போராட்டமாயிருக்கும், காலையில் பார்க்கலாம், இப்போது எல்லாரும் ஜெபிப்போம் என்று சொன்னது நான்தான். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்து அப்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த அம்மாவின் மகன் இரண்டு தரம் எழுந்து வாசல்வரை போனான், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை மணிக்கு வலி ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாயார் அன்று மத்தியானம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

திண்டிவனத்தில் கதவுக்கு வெளியே நின்றவர்கள் மறுத்தார்கள். இங்கே கதவுக்கு உள்ளே உட்கார்ந்து மறுத்தது நான்.

சரி, அம்மையாரின் கதைக்கு வருகிறேன். அந்தக் காலையில் ஐடா அறைக்குள் போய் வெகுநேரம் இருந்தார்கள். வெளியே வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வருகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். 1895ல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899ல் பட்டம் பெற்றார்கள். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டப் பணம் சேர்க்கவேண்டியிருந்தது. ஷெல் என்கிற ஒரு வங்கி முதலாளி, மறித்துப்போன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் ஞாபகமாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். தேவன் எங்கிருந்து கொண்டுவருகிறார் பாருங்கள்!

1900ன் துவக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்கள். தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்பது திட்டம். ஆனால் அதே வருஷத்தில் தகப்பனார் புற்றுநோயினால் காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. வீட்டிலேயே ஒரு அறையில் ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கான படுக்கைகள் உள்ள சி.எம்.சி. அந்த ஒற்றைக் கட்டிலில்தான் துவங்கினது. முதலில் ஜனங்கள் வரப் பயந்தார்கள். வெள்ளைக்கார அம்மா, அதுவும் வாலிப வயசு, இவர்களை நம்பி எப்படி உடம்பைக் காட்டுவது? ஆனால் இராணிப்பேட்டையில் பிறந்தவர்களல்லவா, நம்ம தமிழிலேயே பேசினார்கள். ஒருவர் சுகமாகிப் போய் ஒன்பது பேருக்குச் சொல்ல, திண்ணையில் இடமில்லாதபடிக்குக் கூட்டம் கூடிற்று. இரண்டு வருஷத்திற்குள் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டார்கள்.

உதவிக்கு யார் தெரியுமா? நர்ஸ் கிடையாது. வீட்டு வேலையாளின் மனைவி சலோமி. அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் போடவும், கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம்பண்ணவும் கற்றுக்கொடுத்து, அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் ஆபரேஷன் செய்தார்கள். இது ஏதோ வேறு வழியில்லாமல் செய்ததுபோலத் தோன்றும். எனக்கோ அம்மையார் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் கிடந்தது என்று தோன்றுகிறது. உள்ளூர்ப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் அவள் கற்றுக்கொள்வாள் என்பதை அந்தச் சமையற்கட்டுப் பக்கத்திலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1902ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி, உள்ளே பெண் டாக்டர். திண்டிவனத்தில் மூன்று கணவன்மார்கள் சொன்ன காரணத்துக்கு இனி இடமில்லை. வேறு யாராயிருந்தாலும் இத்தோடு ஜெயம் என்று ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து உட்கார்ந்திருப்போம்.

அம்மையார் உட்காரவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குள் வருகிறவர்களின் நிலைமையைப் பார்த்தார்கள். மூன்று நாள் பிரசவ வேதனைப்பட்டுக் கடைசியில் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். கட்டியாக இருந்தபோது கீறிவிட்டிருந்தால் ஒருவாரத்தில் ஆறியிருக்கும், காலே அழுகின பிற்பாடு வருவார்கள். கண்ணில் சிவப்பு வந்தபோது ஒருசொட்டு மருந்து போதும், பார்வை போனபின் தடவிக்கொண்டு வருவார்கள். குற்றம் சொல்ல முடியுமா? மாட்டுவண்டி மணிக்கு எத்தனை மைல் போகும்? கூலி வேலையை விட்டு ஒருநாள் வந்தால் அன்றைக்கு அடுப்பெரியாது. பெத்தெஸ்தா குளத்தண்டை முப்பத்தெட்டு வருஷம் கிடந்த மனுஷனை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலங்கத்தான் செய்தது, சுகம் அங்கே இருக்கத்தான் செய்தது. கொண்டுபோய் இறக்கிவிட ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் அவன் பிரச்சினை.

வேலூரிலிருந்து குடியாத்தம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கே ஒரு சிறு வைத்தியசாலை வைத்து வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். மாட்டுவண்டியில் போனால் போக ஒருநாள் வர ஒருநாள். 1909 வாக்கில் பேஜோ என்கிற பிரெஞ்சு கம்பெனியின் ஒரு சிறு மோட்டார்கார் வந்து சேர்ந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி. இந்தப் பக்கத்து ஜனங்கள் மோட்டாரைக் கண்டதில்லை. படபடவென்று சத்தமும் புகையுமாக மாடு இல்லாமல் ஓடிவருகிறதைப் பார்த்துப் பிசாசு வருகிறது என்று வயல்காட்டுக்குள் ஓடினார்களாம்! பிசாசு என்று ஓடினவர்களே கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

என்ன நடந்தது என்றால், குடியாத்தம் போகிற வழியிலேயே ஜனங்கள் வியாதியஸ்தரை ரோட்டோரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து காரை மறித்தார்கள். அம்மையாரும் இறங்கிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னும் நாலுபேர். அதற்கடுத்த வாரம் அடுத்த கிராமத்தார் தங்கள் ஊர் மரத்தடியில். இப்படியே ஆங்காங்கே மரநிழலில் நிற்கிற இடங்கள் ஏற்பட்டுவிட்டன. குறித்த நாள், குறித்த மரம். இதற்கு ரோட்டோர வைத்தியசாலை என்றே பெயராகிவிட்டது.

மரத்தடியில் என்னதான் செய்வார்கள்? காரின் பக்கத்திலேயே மருந்துப் பெட்டிகளைத் திறந்துவைப்பார்கள். ஒருவர் சீட்டு எழுத, ஒருவர் புண் கழுவிக் கட்ட, ஒருவர் மருந்து கலந்து கொடுக்க, அம்மையார் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார்கள். சொறி சிரங்கு, கண் வியாதி, காய்ச்சல், கட்டி, சொத்தைப் பல். அங்கேயே முடிக்கக்கூடியதை அங்கேயே முடித்துவிடுவார்கள். முடியாததை வேலூருக்குக் கூட்டிப்போவார்கள். போன வாரம் கட்டுப் போட்ட புண்ணை இந்த வாரம் அவிழ்த்துப் பார்ப்பார்கள். இதுதான் பெரிய விஷயம். ஒருநாள் முகாம் போட்டு, மாத்திரை கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போகிற காரியமில்லை இது. அடுத்த வாரம் அதே மரத்தடியில் அதே டாக்டர் நிற்பார் என்று ஜனங்களுக்குத் தெரியும். ஜனங்கள் நம்பினதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

குஷ்டரோகிகளும் வந்தார்கள். ஊருக்குள்ளும் சேர்க்காத, வண்டியிலும் ஏற்றாத ஜனங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? மரத்தடிக்கு வரலாம். யாரும் துரத்தவில்லை. அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். பிற்காலத்தில், 1948ல், இதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் மறுபடி வேலைசெய்ய வைத்து உலகத்துக்கே வழிகாட்டினார். நமக்கு நல்ல சமாரியன் உவமை மனப்பாடம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினது எந்த இடத்தில்? ரோட்டோரத்தில்தானே! சத்திரத்துக்குப் பிற்பாடுதான் போனார்கள்.

ஆனாலும் ஒரு டாக்டர் எத்தனை மரத்தடியில் நிற்க முடியும்? அம்மையார் விடுமுறைக்குப் போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ எல்லாம் நின்றுபோகும். 1909ல் டீலியா ஹௌட்டன் என்கிற நர்ஸ் அம்மாவோடு சேர்ந்து நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். சலோமிக்குத் திண்ணையில் கற்றுக்கொடுத்ததை இப்போது ஒழுங்காக, வருஷக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள். இதோடும் விடவில்லை. நம்ம நாட்டுப் பெண்களையே டாக்டராக்க வேண்டும் என்று புறப்பட்டார்கள்.

சென்னை ராஜதானியின் மருத்துவத் தலைமை அதிகாரியாயிருந்த கர்னல் பிரைசன் துரைக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆறு பெண்கள் மனுப்போட்டாலே போதும், ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்கிற விதமாகச் சொல்லி அனுப்பினார். மனுப்போட்டவர்கள் 151 பேர்! 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளி வேலூரில் திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. அரசாங்கப் பரீட்சைக்குச் சென்னை போகும்போது, ஆண்களே அதிகம்பேர் தவறிப்போகிற பரீட்சை, உன் பெண்களில் ஒருத்தி தேறினாலும் ஆச்சரியம் என்று அம்மையாரை முன்கூட்டியே ஆறுதல்படுத்தினார்களாம். எல்லாரும் தேறிவிட்டார்கள். 1922ல் அந்த முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். ஒருத்தி நின்ற மரத்தடியில் இனி பதினாலுபேர் நிற்கலாம்.

நான் இதை எழுதும்போது விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். நோயாளிக்கு நேரம் போகிற இடங்கள் மூன்று. போகலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிற நேரம். வழியில் போகிற நேரம். போய்ச் சேர்ந்தபின், தெரிந்த கை வந்து தொடுகிறவரைக்கும் காத்திருக்கிற நேரம். அம்மையார் பெண் டாக்டராகி முதலாவதை உடைத்தார்கள். காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து இரண்டாவதை உடைத்தார்கள். நர்ஸ்களையும் டாக்டர்களையும் உண்டாக்கி மூன்றாவதை உடைத்தார்கள். 2011ல் நான் கெடுத்தது முதலாவது. மற்ற இரண்டும் அன்றைக்கு எனக்காகத் தயாராயிருந்தன.

இதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920களில் வேலூர் பட்டணத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி எழும்பினது. 1930களின் கடைசியில் அரசாங்கம் சட்டத்தை மாற்றி, இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாகத்தான் மருத்துவம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றது. பேராசிரியர்கள், படுக்கைகள், பரிசோதனைக்கூடங்கள் எல்லாம் பலமடங்கு தேவைப்பட்டன. பள்ளிக்கூடத்தையே மூடவேண்டிவரும் போலிருந்தது. அப்போது அம்மையாருக்கு எழுபது வயது. 1941ல் அமெரிக்காவுக்குப் போய், யுத்தகாலத்திலும் ஊர் ஊராக அலைந்து பணம் சேர்த்தார்கள். ஆண் மாணவர்களையும் சேர்த்தால் எல்லா மிஷன்களும் கைகொடுக்கும் என்கிற நிலை வந்தபோது, பெண்களுக்காகவே பணம் சேர்த்துக்கொடுத்த நெடுநாள் சிநேகிதிகளில் சிலர் வருத்தப்பட்டு விலகினார்கள். அம்மையாருக்கு அது சாதாரண துக்கமாக இருந்திராது. பெண்களுக்கென்றே ஆயுசைக் கொடுத்தவர்களாயிற்றே! ஆனாலும் கதவு மூடுவதைவிட அகலத் திறப்பது நலம் என்று சம்மதித்தார்கள். 1947ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின வருஷமே பொறுப்பை டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையாரிடம் விட்டுவிட்டார்கள். நம்ம இந்தியப் பெண்மணி. இதுவும் எனக்குப் பிடித்த விஷயம். முப்பது வருஷம் ஆனாலும் மைக்கையும் சாவிக்கொத்தையும் விடாத ஊழியக்காரர்கள் நம்மில் உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்திலும் வேலூரை மறக்கவில்லை. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசமெழுதின கடிதம்கூடத் தப்பாமல் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். 1960 மே மாதத்தில், 89 வயதில், கர்த்தரிடத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் மறைவுக்குப் பின்னும் ரோட்டோர வேலை நின்றுவிடவில்லை. 1977ல் சி.எம்.சி. இதே குடியாத்தம் ரோட்டிலுள்ள கே.வி.குப்பத்தில் ருசா என்கிற கிராம சுகாதார ஊழியத்தை ஏற்படுத்தினது. கிராமத்துப் பெண்களையே தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போகவைத்தார்கள். எனக்குச் சலோமி ஞாபகம்தான் வந்தது. 2021ல் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆரம்பித்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தபோது, பலர் புதுமை என்றார்கள். நம்ம ரோட்டில் இது நூறு வருஷத்துக்கு முந்தியே மரத்தடியில் நடந்த காரியம்.

இப்போதும் நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறேன். கைவைத்து ஜெபிக்கிறதை விடவில்லை, விடப்போவதுமில்லை. லூக்கா வைத்தியனாயிருந்தும் பவுலோடேகூட ஊழியத்தில் நடந்தான் என்பதை மாத்திரம் இப்போது கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறேன். ஜெபத்தை வண்டிக்குள் உட்கார்ந்தும் செய்யலாம். மார்வலி, திடீரென்று வாய் கோணுதல், கைகால் இழுத்துக்கொள்ளுதல், பிரசவத்தில் இரத்தப்போக்கு, பாம்புக்கடி, குழந்தைக்கு வலிப்பு: இவைகளில் ஏதாவது கண்டால், பாஸ்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் 108க்குப் போன் செய்யுங்கள், பிறகு எனக்குச் செய்யுங்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

108 வர நேரமாகிற ராத்திரிகளுக்காகச் சபையில் வண்டி வைத்திருக்கிறவர்களின் பெயரையும் நம்பரையும் எழுதி ஜெபவீட்டுக் கதவிலே ஒட்டியிருக்கிறேன். முதல் பெயரைத் தானாக முன்வந்து கொடுத்தவர் 2011ல் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்த அந்த மகன். இப்போது அவருக்குச் சொந்தமாக ஆட்டோ இருக்கிறது. அவரோடு சேர்த்து நாலு பெயர் ஆகியிருக்கிறது. மேட்டுத் தெருவிலும் காலனியிலும் ஆளிருக்கிறது. ஏரிக்கரைத் தெருவிலிருந்து இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை. அங்கே இரண்டு கர்ப்பவதிகளும் வயதான தாய்மார்கள் நாலுபேரும் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கதவண்டையில் பேனாவோடு நிற்பேன்.